சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள் என்பது முத்துமாரியம்மாளுக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. அதுவும் பால்காரி வந்து, "குருநாதன் வீட்டுல பூட்டு தொங்குதே, ஊருக்கா போயிருக்காவ?" என்று கேட்டதால். சுவர் வழியே கேட்கிற சத்தம் அந்த நான்கு நாளும் நிற்கவில்லை.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எமர்ஜென்சி முடிந்த வருஷம். கழுகுமலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். ஒன்றில் முத்துமாரியம்மாளும் அவள் புருஷன் பரமசிவனும். மற்றதை உரக்கடையில் வேலை பார்க்கும் குருநாதனுக்கும் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கும் வாடகைக்கு விட்டு இரண்டு வருஷம்.

குருநாதன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் தொடங்கிவிடும். உரம் வாங்க வருகிற சம்சாரிகள் ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டுவான். பேச்சித்தாய் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவாள், அவன் அவள் தலையைத் தட்டுவான். பரமசிவன் பருத்தி மில்லில் எடை போடுகிறவர். வருவார், தின்பார், படுப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முத்துமாரியம்மாள் அவர் சிரித்துக் கேட்டதில்லை.

அவள் அடுக்களைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். தினமும். உலையில் சோறு குழைந்து, அடிப்பிடித்து, கருகின வாடை மூக்கில் ஏறினாலும் நகரமாட்டாள். அந்தச் சிரிப்பு தொண்டைக்குள் முள்ளாக இறங்கும். ஒரு நாள் சாயங்காலம் கிணற்றுக் கயிற்றை எடுத்து ஒளித்துவைப்பாள். இன்னொரு நாள் அவர்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே சாம்பலைக் கொட்டுவாள். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

ஆனி மாதத்திலிருந்து சிரிப்பு குறைந்தது. வெறும் குசுகுசுப்பு. பிறகு அதுவும் அபூர்வமாகி, யாரோ சுவரோடு சுவராக உரசி நிற்கிற மாதிரி ஒரு சத்தம், மெல்ல மூச்சு, எப்போதாவது வளையல் சுவரில் படுகிற கிணுக்கு. புருஷன்மேல் கோபித்துக்கொண்டு பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்றெல்லாம் முத்துமாரியம்மாளுக்குச் சோறு இறங்கியது.

இப்போது பூட்டு தொங்கியது. நாலு மாத வாடகை பாக்கி. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் வீடு துடைத்து வைத்ததுபோல் காலி. அடுக்களைச் சுவரை மட்டும் அரிவாளால் கொத்திக் கொத்திப் பூச்சு முழுவதையும் உதிர்த்திருந்தார்கள். தரையெல்லாம் சுண்ணாம்புக் கட்டி.

வக்கீல் குமாஸ்தா பிச்சையா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"பூட்ட உடச்சிராதீங்க தாயி," என்றார் அவர். "நாளைக்கு அவன் வந்து, உள்ள நகை இருந்துச்சு, காணலன்னு சொன்னா நீங்கதான் பதில் சொல்லணும். நோட்டீஸ் ஒண்ணு விடுவோம். பெறகு ரெண்டு பேரச் சாட்சிக்கு வச்சுக்கிட்டுத் தொறந்து, இருக்க சாமானு, இடிஞ்ச சுவரு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிருவோம். ஒத்தையில மட்டும் உள்ள போயிராதீங்க."

அவளுக்கு அதுவரை பொறுமையில்லை. பூட்டு ஒரு நடிப்பு, பேச்சித்தாய் உள்ளேதான் ஒளிந்திருக்கிறாள் என்று மனசு சொன்னது. இல்லாவிட்டால் வளையல் சத்தம் எப்படி வரும்? நேராக உரக்கடைக்குப் போனாள்.

குருநாதன் அவளைக் கண்டதும் மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"பேச்சித்தாய் எங்கடே?"

"கரிவலத்துல, அவ அம்மா வீட்டுல. காய்ச்சல் இன்னும் விடல." சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நேராகக் கையில் தராமல் மூட்டைமேல் வைத்தான். "பாக்கிய மாசாமாசம் தந்துருதேன் அக்கா. சுவருக்கும் தாரேன். எங்கள விட்ருங்க."

"நான் என்னடே செஞ்சேன்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கதவு உள்பக்கமாத் தாழ் போட்டிருக்கும். சாப்பிட உக்காந்தா, நீங்க எங்க அடுக்களையில நிப்பிய. சுவத்துல காத வச்சுக்கிட்டு, எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. மொதல்ல நெழல்னு நெனச்சோம். பெறகு சேலைக் கரையெல்லாம் தெரிஞ்சுது. கூப்பிட்டா திரும்ப மாட்டிய. சுவத்தக் கொத்திப் பாத்தோம் அக்கா. அந்த உருவு போகல."

பைத்தியக்காரன், வாடகையை ஏமாற்றக் கதை கட்டுகிறான் என்று வைதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சாவியை மட்டும் மறக்காமல் எடுத்து மடியில் முடிந்திருந்தாள்.

மறுநாள் மதியம் திறந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது, ஆடிக் காற்று சந்தில் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்றே இல்லை. காலி வீட்டின் சுண்ணாம்பு வாடையும் எலிப்புழுக்கை வாடையும் வரவேண்டிய இடத்தில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாடை வந்தது. அவள் எண்ணெய். கரிசலாங்கண்ணி போட்டு அவளே காய்ச்சுவது.

பேச்சித்தாய் இல்லை. ஒருத்தரும் இல்லை.

அடுக்களைச் சுவரில் பூச்சு போய்ச் செங்கல் தெரிந்தது. செங்கல்லில் எண்ணெய்க் கறை. தலை, கழுத்து, தோள், இடுப்பு. ஒருக்களித்து நிற்கிற ஒரு பொம்பளை. கன்னம் பட்ட இடத்தில் கல்லே தேய்ந்து குழிந்திருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ விலகிப் போனமாதிரி.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு ஏனம் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் வீட்டில்.

பரமசிவன் மில்லிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தார். விடாமல். மில் முதலாளி மூக்கால் பேசுகிறதை அப்படியே பேசிக் காட்டினார். பிறகு சிரித்தார்.

ஒரு பொம்பளையும் சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"

முத்துமாரியம்மாளின் குரல்.

அவளுக்குப் பயம் வரவில்லை முதலில். வயிறு எரிந்தது. எனக்கு ஒருநாள் இப்படிப் பேசியிருக்கிறாரா? ஒரேயொரு நாள்? இன்னும் தெளிவாகக் கேட்கவேண்டும்போல் இருந்தது. சுவரில் காதை வைத்தாள். குழி கன்னத்துக்குச் சரியாக இருந்தது.

"ஏங்க," என்று கத்தினாள். "நான் இங்கன இருக்கேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?" என்றார் பரமசிவன்.

"அது காலி வீடுல்லா," என்றது அவள் குரல், கொஞ்சலாக. "நீங்க சாப்பிடுங்க."

முகத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. தோளை இழுத்தாள். வரவில்லை. கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. வாசல் கதவு காற்றில் மெல்ல வந்து சாத்திக்கொண்டது. இருட்டு.

கேட்க மட்டும் முடிந்தது.

அந்தப் பக்கம் பரமசிவன் பாட ஆரம்பித்தார், தணிந்த குரலில், அங்கே இருக்கிற அவளுக்காக. நல்ல குரல். அவருக்குப் பாட வரும் என்பதே முத்துமாரியம்மாளுக்குத் தெரியாது.