பூரிரிப் புழு

ஹொஹேபா குளித்துவிட்டுச் சட்டையோடு வெளியே வந்தான். அந்தத் தென்கோடித் தீவின் ஜூலைக் குளிரிலேயே வெற்று முதுகோடு வீட்டைச் சுற்றி வருகிற ஆள். அடுப்படியிலிருந்து அவன் மனைவி ரிப்பேகா பார்த்தாள். விலாங்கு பிடிக்கப் போய்வந்ததிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான், அவள் பின்னால் வந்தால் திரும்பிக்கொள்கிறான், படுக்கையில் அவள் கை தோளைத் தாண்டிப் போனால் மெல்ல எடுத்து விலக்குகிறான். நகக்கீறல்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாருடைய நகம் என்பதுதான் தெரிய வேண்டும்.

அந்தியில் அவன் அக்கா மராயா பொரித்த ரொட்டியோடு வந்தாள். ஹொஹேபா அதற்குள் படுக்கப் போயிருந்தான். ரிப்பேகா முதுகு விஷயத்தைச் சொன்னதும் மராயா சிரித்தாள்.

"எவ பேரையாவது முதுகுல பச்சை குத்திக்கிட்டு வந்திருப்பான்டி. தப்பாக் குத்தியிருப்பாங்க, அதான் வெக்கப்படுறான்."

"விளையாடாதீங்க அண்ணி. சோறு இறங்கல அவனுக்கு. தண்ணியாக் குடிக்கிறான். மழை பெஞ்சா வெளிய போய் நிக்கிறான்."

ஜன்னல் கண்ணாடியில் பட்டென்று ஏதோ மோதியது. உள்ளங்கையைவிடப் பெரிய, தளிர்ப் பச்சை அந்துப்பூச்சி. அக்டோபர் மழைக்குப் பூரிரி மரங்களிலிருந்து வெளியே வரும். அதற்கு வாய் கிடையாது. மரத்துக்குள் புழுவாக ஐந்தாறு வருஷம் தின்றதை வைத்துக்கொண்டு ஓரிரு இரவு பறந்து, முட்டைகளை உதறிவிட்டுச் செத்துப்போகும். மராயா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். செத்தவர்கள் அந்தப் பூச்சி உருவில் வீட்டைப் பார்க்க வந்தால் வெளியே நிறுத்தக் கூடாது.

"அன்னிக்குத் தூண்டில்ல இரையா என்ன மாட்டினான்?"

"பூரிரிப் புழுதான். துளையில தண்ணிய ஊத்துனா வந்துருமே."

"எந்த மரம்?"

"ஆத்து மேட்டுல, வேலி போட்டிருக்கே, அது."

மராயா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். முன்னோரின் எலும்புகளைப் பொந்தில் வைத்திருந்த மரம் அது. அங்கே போகிறவர்கள், அந்தத் தீட்டு கூடவே வந்துவிடும் என்று, கையில் தண்ணீர் விட்டுக் கழுவாமல் வேலியைத் தாண்டி வர மாட்டார்கள்.

"வரும்போது கையக் கழுவினானா?"

கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துளைகளில் ஊற்றிவிட்டதாக அவன் பெருமையடித்திருந்தான். ரிப்பேகா அதைச் சொன்னாள். மராயாவின் முகம் செத்துவிட்டது.

"பாதிரியாரக் கூட்டிட்டு வரேன். அவன வெளிய விடாத."

அவள் போனதும் ரிப்பேகாவுக்குக் கோபம்தான் வந்தது. மரமாம், தண்ணீராம்! தம்பியின் திருட்டுத்தனத்தை மூடிமறைக்க என்னமாய்க் கதை கட்டுகிறாள்! இன்றைக்கு இதைப் பார்த்துவிடுவது என்று விளக்கை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அறையில் அப்போதுதான் அறுத்த ஈரமரத்தின் வாசனை. மழைச் சத்தத்துக்கு அடியில், கட்டில் பக்கத்திலிருந்து, எலி அட்டைப்பெட்டியைச் சுரண்டுவது போல இன்னொரு சத்தம், நின்று நின்று, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஹொஹேபா குப்புறப் படுத்திருந்தான். படுக்கை விரிப்பில் மரத்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்திருந்தது. தோலின் நிறத்தில்.

சட்டையை மெல்லத் தூக்கினாள். சுரண்டல் நின்றது.

கீறல் இல்லை. பேர் இல்லை. ஒன்றுமே இல்லை. மாசு மருவற்ற முதுகு. வெட்கமாக இருந்தது அவளுக்கு. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்! அழுகை வந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஆசையோடு கையை வைத்தாள்.

அந்த இடம் அமுங்கியது.

சின்ன வயதில் அவளும் புழு பிடித்தவள்தான். துளை கண்ணுக்குத் தெரியாது. பட்டையின் நிறத்திலேயே நூலால் நெய்து மூடியிருக்கும். விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விரல் மூடியின் ஓரத்தைத் தேடியது. ஓரம் இருந்தது. தூக்கினாள்.

உள்ளே இருட்டு. நேராகப் போய், கீழே திரும்பியது. விளிம்பில் புதிதாக வளர்ந்த சதை. ஈரமாக. கடித்த தடங்களோடு.

"மூடிடு, ரிப்பேகா." ஹொஹேபா தூங்கவில்லை. குரலில் வலியே இல்லை. "வெளிச்சம் அதுக்கு ஆகாது."

"ஹொஹேபா... ஆஸ்பத்திரிக்குப் போலாம். எந்திரி. எந்திரிடா!"

"வலிக்கல. மூடிடு."

அவள் கையிலிருந்து மூடி நழுவி விழுந்தது. ஓரத்தில் உள்ளிருந்து ஒரு நூல் வந்தது. பிறகு இன்னொன்று. தைக்க ஆரம்பித்தது.

அவனை எழுப்பி நிறுத்த அவள் தோளைப் பிடித்தாள். தோள் அமுங்கியது. விலாவைப் பிடித்தாள். அமுங்கியது. இடுப்பு. கழுத்து. பிடிக்க இடமில்லை.

அவள் கைக்குக் கீழே எல்லா மூடிகளும், ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளிருந்து மெல்ல எம்பின.