அணைத்து எழுப்பினால் வரும் பெயர்

லேப்டாப்பில் செருகியிருந்த வயர்லெஸ் கார்டை அணைத்து, மறுபடி எழுப்பினான் பரணிதரன். திரையில் கார்டுக்கு அவன் கொடுத்த பெயர் வரவில்லை. ஜோதிலட்சுமி என்று வந்தது.

கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அணைத்து எழுப்பினால் கார்டு பெயரையும் கடவுச்சொல்லையும் மறந்து தொலைக்கிறது என்று வாடிக்கையாளர் கத்த, அவசரத்தில் ஒரு குறுக்கு வழி எழுதியிருந்தான்: கார்டில் முதலில் யார் எதைப் பதிந்தார்களோ, எழும்போது அதுவே வரட்டும். சோதித்துப் பார்க்க, இந்த ஊரப்பாக்கம் வாடகை வீட்டுப் பரணில் கிடந்த பழைய கார்டு அகப்பட்டது. ஓசியில் வந்ததை விடுவானா? பிசுபிசுப்பைத் துடைத்துச் செருகிவிட்டான்.

அன்றிலிருந்துதான் நாற்றம். குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து கிளம்பி, மழைக்கால ஈரத்தோடு சுவரில் ஊறி, துவைத்த துணியிலும் ஆறிய சோற்றிலும் ஏறி, கடைசியில் நாக்கின் அடியிலேயே குடிவந்துவிட்ட, அழுகிய முட்டையும் தலைக்கு வைத்த எண்ணெயும் கலந்தாற்போன்ற நாற்றம். துளையை அடைத்திருந்த முடியைக் குச்சியால் இழுத்தால் முழம் முழமாக வந்தது. அவன் மனைவி சஹானாவுக்குத் தோள்வரைதான் முடி.

ஆறு மாதக் கர்ப்பிணி அவள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

"முடியலைங்க. செங்கல்பட்டுல அக்கா வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள், திருச்சிப் பேச்சின் பொறுமையோடு.

"நாளைக்கு கஸ்டமருக்கு டெமோ முடியட்டும்மா."

அந்தப் பதிலுக்காக அவனை அறையலாம்.

கார்டு தானாகவே அணைந்து எழும்படி சோதனையை ஓடவிட்டான். எழும்போதெல்லாம் ஒரு 'பீப்'. பக்கத்து வீட்டுச் சதாசிவம்தான் வீட்டுக்காரர். விளக்கேற்றும் நேரம். அவர் மதிலோரம் நின்றிருந்தார். வெளியே போய், ஜோதிலட்சுமி யாரென்று கேட்டான்.

"முன்ன இருந்த பொண்ணு சார் அது. சொல்லாம கொள்ளாம எங்கியோ பூட்ச்சு. புருசங்காரன்தான் வூட்ட நல்லா கழுவி வுட்டு சாவியக் குட்த்தான்."

குச்சியில் முழம் முழமாக வந்த முடி பரணிதரனுக்கு நினைவு வந்தது. உள்ளே பீப். உடனே குளியலறையில் களுக்கென்று ஏதோ பொங்கும் ஓசை. மறுபடி பீப். மறுபடி களுக்.

"சஹானா!"

ஓடினான். குளியலறைத் தரை முழுக்கக் கறுப்பாய்க் கொழகொழத்த நீர், கணுக்கால்வரை. வெதுவெதுப்பு. அதில் மல்லாந்து கிடந்தாள் சஹானா. அள்ளித் தூக்கினான். அவன் விரலிடுக்கெல்லாம் வழவழவென்று முடி. இப்போதே கிளம்பிவிடலாம். டெமோவாவது மண்ணாங்கட்டியாவது.

மூச்சு இருந்தது.

பிறகு, இல்லை.

கூடத்தில் கார்டு அணைந்திருக்க வேண்டும். அது அணைந்தால் இவள் மூச்சும் அணைகிறது என்று அவனுக்கு உறைத்தது. அதை அணைந்தபடியே விட முடியாது. எழவிடவும் முடியாது. எழுந்தால் இவளுக்குள் யார் வருவார்? முதலில் பதிந்ததே வரட்டும் என்பது அவன் எழுதிய விதி. அவனே எழுதியது.

"வேண்டாம்," என்றான் யாரிடமோ.

பீப்.

சஹானா கண்ணைத் திறந்தாள். மூச்சு வந்தது. அதில் அந்த நாற்றம். பழைய புருசனைப் பார்ப்பதுபோல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாயா பாத்துகினு கீற? வூட்டக் கழுவிட்டியா?"

அவளை அப்படியே கைநழுவ விட்டான். விழுந்தவள் வலியென்று முகம் சுளிக்கவில்லை. சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கறுத்த முடியைப் பிடித்து நிதானமாக இழுக்கத் தொடங்கினாள். வந்துகொண்டே இருந்தது. வந்ததையெல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட, தன் ஆறு மாத வயிற்றின்மேல் சுற்றிச் சுற்றி அடுக்கினாள்.