வெளியே தொங்கிய கயிறு

அந்த ஊரில் பட்டப்பகலிலேயே கதவுக் கயிறுகளை உள்ளே இழுத்துவிட்டிருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் டக்வெல்லுக்கு அது உறுத்தியது. பிலடெல்பியாவிலிருந்து வாபாஷ் ஆறு வரை வண்டியில் வந்த வழியெல்லாம் மரவீட்டுக் கதவுகளில் தோல்கயிறு வெளியேதான் தொங்கியது. இழுத்தால் உள்தாழ் தூக்கிக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் நுழையலாம். முன்பின் தெரியாதவனுக்கும் சோளரொட்டி போட்டு, தங்கள் படுக்கையிலேயே இடம் கொடுத்தார்கள். ராஜா இல்லாத தேசம், எந்தப் பிரபுவுக்கும் தொப்பியைக் கழற்ற வேண்டாம் என்று அண்ணன் சைலஸ் இங்கிலாந்துக்குச் சொல்லியனுப்பியது நிஜம்தான் என்று பூரித்துப் போயிருந்தான். இந்த ஊரிலோ, தம்பிக்கென்று சைலஸ் கட்டிவைத்த புதுவீட்டில் மட்டும்தான் கயிறு வெளியே தொங்கியது.

"பாத்தியா, உனக்காகவே தொங்கவிட்டிருக்கேன்" என்று சைலஸ் சிரித்தான். சிரித்த கையோடு எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பொழுது சாய்ந்தது. அவன் மனைவி ஹெஸ்டர், நிறைமாதக்காரி, சொன்னால் கேட்காமல் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பட்டையைச் சுற்றிச் செதுக்கிச் சாகவிட்ட மரங்கள் சோளக்கொல்லை நடுவே இலையில்லாமல் நின்றன. அவற்றின் ஊடே ஈரமண் வாடையோடு ஏதோ அழுகிய நாற்றமும் மெல்ல வந்தது. ஊற்றுப் பக்கம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. அவள் வரும்வரை இருக்கட்டும் என்று ஆம்ப்ரோஸ் கதவைச் சாத்திக் கயிற்றை உள்ளே இழுத்தான்.

கயிறு வரவில்லை.

திறந்து பார்த்தான். கயிற்றின் நுனி கதவின் வெளிப்பக்கத்தில் ஆணியடித்து முடிச்சிடப்பட்டிருந்தது.

"அண்ணே! இது என்ன வெளையாட்டு?"

எதிர்வீட்டுச் சன்னல் இடுக்கிலிருந்து சைலஸின் குரல் வந்தது. "ஒரு வீட்லயாவது வெளிய தொங்கணும்டா. இல்லேன்னா ராத்திரி வர்ற அது எல்லார் வீட்டையும் தட்டுது. எனக்கும் புள்ளகுட்டி இருக்குடா."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா? கடல் தாண்டி வரவழைச்சது இதுக்குத்தானா?"



கூடப் பிறந்தவன். ஆம்ப்ரோஸ் வெளியே இறங்கிக் கத்தினான்.

"ஹெஸ்டர் வெளிய இருக்காடா பாவி! அவளையாவது உன் வீட்ல சேத்துக்கோ!"

உள்ளே விளக்கு அணைந்தது. யாரோ விம்மும் சத்தம். சைலஸ்தான்.

ஆம்ப்ரோஸ் ஊற்றை நோக்கி ஓடத் திரும்பினான். தவளைச் சத்தம் சுத்தமாக நின்றுபோயிருந்தது. காலடிகள். இரண்டு பேருடையவை.

"என்னங்க!" ஹெஸ்டரின் குரலில் களைப்பும் சந்தோஷமும் இருந்தன. "உங்க அண்ணனுக்கு எவ்ளோ நல்ல மனசு பாருங்க. என்னையும் புடிச்சுக்கிட்டு, வாளியையும் தூக்கிட்டு வர்றாரு."

செத்த மரங்களுக்கு நடுவே அவள் வந்தாள். பக்கத்தில் சைலஸின் தொப்பி. சைலஸின் முகம்.

எதிர்வீட்டு இருட்டில் சைலஸ் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான்.

அது ஒரு கையில் வாளியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஹெஸ்டரின் வயிற்றின்மேல் இருந்தது.