லண்டன் மாமாவின் பூட்டு

போன் நம்முடையது, அதில் தொங்கும் பூட்டு மட்டும் வேறு யாருடையதோ என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? யதுர்ஷிகாவுக்கும் வந்தது. மூக்கு நுனியில் ஏறிய கோபம் இறங்கவேயில்லை.

மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைத்தொலைபேசி அது. ஊருக்கு வந்த ஒருவர், துவாயில் சுற்றி, சொக்லேற்றுகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கமலாட்சி ஆசையோடு நம்மூர்ச் சிம்மைப் போட்டுப் பார்த்தார். இந்தச் சிம் செல்லாது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அங்கே போனை விற்ற கொம்பனி, தன்னுடைய சிம்மைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாதபடி பூட்டி வைத்திருக்கிறதாம்.

"காசு குடுத்து வாங்கின சாமானுக்கு அவை எப்பிடிப் பூட்டுப் போடலாம்? சைக்கிளை வித்த கடைக்காரன், என்ரை றோட்டிலை மட்டும்தான் ஓடவேணும் எண்டு சொன்னால் விடுவமோ?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

அம்மாவின் கவலை வேறு.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் கல்யாணம். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அம்மாதான். வர முடியாத அக்கா, தாலி கட்டும் நேரம் போனிலாவது பக்கத்தில் நிற்கவேண்டும் என்றுதான் மாமா இதை அனுப்பியிருந்தார். வீதி முனையில், காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிகேஷன் கடைக்கு மாமா அழைப்பு எடுத்தால், அங்கிருந்து யாராவது வந்து கூப்பிட வேண்டும். அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் போவதற்குள் லைன் அறுந்துவிடும். போன தீபாவளிக்கும் வெறும் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

அதனால் இருவரும் வவுனியா பசார் வீதியில் இருக்கும் பரமேஸ்வரனின் கடைக்குப் போனார்கள். "சகல போன்களும் லொக் உடைத்துக் கொடுக்கப்படும்" என்று வாசலில் பலகை தொங்கியது. கொம்பனிக்காரரைக் கேட்காமல் செய்கிற வேலைதான். ஆனாலும் ஊரில் பாதிப் போன்களுக்கு அந்தக் கடையில்தான் வாய் திறந்தது. போன் எங்கிருந்து வந்தது என்று பரமேஸ்வரன் கேட்க, பிள்ளையின் லண்டன் மாமா அனுப்பியது என்று அம்மா பெருமையோடு சொன்னார். சனிக்கிழமை வரச் சொன்னார் அவர்.

சனிக்கிழமை கடையின் வாங்குப் பலகை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸ்வரன் போனை மேசைமேல் தள்ளிவிட்டார். கணினி கொடுத்த திறப்பு இலக்கத்தைப் போன் ஏற்கவில்லையாம். அதையே திரும்பத் திரும்ப அடித்தும் பார்த்தாராம். இனி ஒரேயொரு தடவைதான் அடிக்கலாம். அதுவும் பிழைத்தால் பூட்டு நிரந்தரமாக விழுந்துவிடும்.

"இது களவெடுத்த போன் போலக் கிடக்கு, அக்கா. விட்டிட்டுப் போங்கோ, உள்ளுக்கை இருக்கிற பாட்ஸ் கழட்டவெண்டாலும் எடுக்கிறன்," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. போனைத் துவாயில் சுற்றத் தொடங்கினார்.

யதுர்ஷிகாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மாமா சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பனியில் நடந்து, மிச்சம் பிடித்து வாங்கிய போன். அதைக் களவு என்று சொல்ல இவர் யார்? அம்மா கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை.

"பூட்டைத் திறக்கத் தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுங்கோ, அண்ணை. என்ரை மாமாவைக் கள்ளன் ஆக்காதேங்கோ."

வாங்கில் யாரோ சிரித்துவிட்டார்கள். பரமேஸ்வரனுக்கு ரோசம் வந்துவிட்டது. தனக்கா தெரியாது? போனின் தொடர் இலக்கத்தையும் அது விற்கப்பட்ட நாட்டையும் சரியாகக் கொடுத்துத்தான் திறப்பு இலக்கத்தை எடுத்ததாகச் சொல்லி, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். யதுர்ஷிகா எட்டிப் பார்த்தாள். நாடு என்ற இடத்தில் இங்கிலாந்து என்று இருந்தது.

"ஏன் இங்கிலாந்து எண்டு போட்டனீங்கள்?"

"உன்ரை அம்மாதானே லண்டன் மாமா எண்டு சொன்னவா."

யதுர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை மெல்ல வாயைப் பொத்தியது.

"மாமா இருக்கிறது சுவிஸிலை, அண்ணை."

விஷயம் இதுதான். லண்டனுக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் மாமா வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர். ஊரே திரண்டு வந்து வழியனுப்பியது. போகிற வழியில் சுவிஸில் மாட்டுப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டார். லண்டனைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் ஊர் வைத்த பெயர் லேசில் போகுமா? அவர் லண்டன் மாமா ஆனது ஆனதுதான்.

பரமேஸ்வரன் தலையைச் சொறிந்தார். நாட்டை மாற்றிப் புதிய இலக்கத்தை எடுத்தார். அடிக்கப் போனவரின் கைக்கு முன்னால் யதுர்ஷிகா தன் கையை வைத்தாள்.

"களவு எண்டு சத்தமாச் சொன்னீங்கள். அதைச் சத்தமாத் திரும்ப எடுங்கோ."

முதலில் திறந்து பார்ப்போமே என்றார் அவர்.

"பூட்டுத் திறந்தாலும் திறக்காட்டியும் மாமா கள்ளன் இல்லை."

பரமேஸ்வரன் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பிழை என்னிலைதான், அக்கா. இது களவு போன் இல்லை," என்றார். கடைசி ஆளுக்கும் கேட்டது.

யதுர்ஷிகா கையை எடுத்தாள். அவர் ஒவ்வொரு இலக்கமாக அடித்தார். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. நம்மூர்க் கொம்பனியின் பெயர் அதில் வந்து நின்றது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி ஒருவரும் பிழை விடக்கூடாது என்று, அன்றைக்கே யதுர்ஷிகா தங்கள் புது இலக்கத்தை மாமாவுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய இலக்கத்தை "சுவிஸ் மாமா" என்று ஆங்கில எழுத்தில் போனில் பதிந்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்து திரையைப் பார்த்தார்.

"ஆரோ சுவிஸ் மாமாவாம். எங்களுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லையே," என்று சொல்லிக்கொண்டே, அழைப்பை வெட்டச் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தார்.

"வெட்டாதேங்கோ அம்மா, அது லண்டன் மாமா!"

அம்மாவின் விரல் பச்சைப் பொத்தானுக்குத் தாவியது. போனுக்குள் நாதஸ்வரமும் மேளமும் கேட்டன. அவற்றுக்கு நடுவில் மாமாவின் குரல் வந்தது.

"அக்கா, பக்கத்திலை நிக்கிறீங்களோ?"

"நிக்கிறனடா தம்பி," என்றார் அம்மா. "கட்டு."