காற்றுப்பை

ஜெசிக்கு இளைப்பு நின்றுபோயிருந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஏழு வருஷமாக வீட்டில் ஓயாமல் கேட்ட அந்த விசில் சத்தம் இப்போது இல்லை. பெற்றவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஜெபசீலியோ ராத்திரியெல்லாம் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை சிரிக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், எல்லாம் சரிதான். தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்தால் மட்டும் மூச்சே படுவதில்லை.

இளைப்பை நிறுத்தியது, கெலவரப்பள்ளி அணை மீன் விற்கும் ராசாத்தி சொன்ன வைத்தியம். "விலாங்கோட காத்துப்பைய வாழப்பழத்துல வெச்சி, பச்சையா முழுங்க வெய்யிக்கா. மூணு ஞாயித்துக்கெழம. கறுத்து உப்பிப்போனதுதான் மருந்துக்கு நல்லது." இன்ஹேலர் வாங்கி அலுத்துப்போன புருஷன் யேசுராஜும் ஒற்றைக்காலில் நின்றான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், ஜெபசீலியே பிள்ளையின் மூக்கைப் பிடித்து முழுங்க வைத்தாள்.

இன்று சாயங்காலம் இரண்டாவது விலாங்கு. கரண்ட் போயிருந்தது. ஆற்று நுரையின் நாற்றம், சோப்பும் சாக்கடையும் கலந்தது, ஜன்னல் வழியே வந்து லைன் வீட்டை நிறைத்தது. சாம்பல் தேய்த்துப் பிடித்தும் வழுக்கிய மீனை அரிவாள்மனையில் கீறினாள். காற்றுப்பை கட்டைவிரல் தடிமனுக்குக் கறுத்துக் கிடந்தது, போன தடவை போலவே. நகம் பட்டுக் கிழிந்தது. உள்ளே காற்று இல்லை. ரத்தம் குடித்துக் கறுத்த புழுக்கள், சிக்குப்பிடித்த நூல்கண்டுபோல, ஒன்றையொன்று சுற்றி நெளிந்தன.

"ஐயோ ஏசப்பா! இதயா என் புள்ளைக்குக் குடுத்தேன்?"

யேசுராஜ் கட்டிலைவிட்டு எழவில்லை. "மீனுன்னா புழு இருக்காதா? புள்ளைக்கு நல்லாயிடுச்சில்ல. வாய மூடிக்கினு அடுத்தத குடு."

"அவ மூச்சே வுடறதில்லங்க!"

"உன் வாயில நல்லதே வராதாடி?"

"ஜெசி!" என்று கூப்பிட்டாள். பாத்ரூமில் தண்ணீர் தளும்பியது. ஒரு தரம். அப்புறம் ஓய்ந்தது.

கதவைத் தள்ளினாள். இருட்டு. செல்போன் டார்ச்சை அடித்தாள்.

நீல டிரம். விளிம்புவரை தண்ணீர். அடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெசி. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

அலறிக்கொண்டு இழுத்தாள். வெளியே வந்த முகம் நீலம் பாரித்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

"வுடும்மா... வெளிய... மூச்சு முட்டுது."

பிஞ்சுக் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! உதறிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். முகம் தெளிந்தது. நிம்மதியாக அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

தொண்டைத் தோலுக்கு அடியில் ஏதோ ஏறியது. சிரித்த உதடுகளுக்கு நடுவே கறுப்பாய் ஒரு நூல். இன்னொன்று. இன்னும். தண்ணீரைத் துழாவிக்கொண்டு, டிரம்மைப் பிடித்திருந்த ஜெபசீலியின் ஈர விரல்களை நோக்கி வந்தன.