எட்டாவது படுக்கை

தன்யூப் ஆற்றங்கரையில் இருந்த ரோமானியக் கோட்டையில் தாஸியுஸ் மூட்டையோடு வந்து சேர்ந்தபோது பனி மூடிக் கிடந்தது. அறைக்கு எட்டு சிப்பாய்கள். ஏழு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எட்டாவது படுக்கையைக் கண்ணால் காட்டினார்கள், அவ்வளவுதான். எந்த ஊர், என்ன பேர் என்று ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டில் பங்கு வந்தது, பேச்சில் வரவில்லை. பாவம், சில நாளிலேயே அவனுக்கு அழுகை வந்தது.

விடியலுக்கு முந்தைய காவல் அவனுக்கு விழுந்தது. கோபுரத்தில் ஈர மரத்தின் வாடை. கீழே ஆறு ஓடும் சத்தம். வேலில் சாய்ந்தான், கண் சொக்கியது.

தோளை ஒரு கை அழுத்தியது.

"டேய் புதுசு, தூங்காத. ரோந்து வருது."

கை ஜில்லென்றிருந்தது. திரும்பினால் வெறும் பனி. படியில் ரோந்து விளக்கு ஏறி வந்தது. அது போனபின் குரல் மறுபடி கிசுகிசுத்தது.

"நான் பிரோக்குஸ். உன் அறைதான். முகாட்ரா இன்னும் குறட்டை விடுறானா?"

தாஸியுஸ் சிரித்துவிட்டான். இங்கே அவனிடம் பேசிய முதல் ஆள்.

காலையில் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான். "பிரோக்குஸ்னு ஒருத்தர், நம்ம அறையாமே? எங்க படுக்கிறார்?"

எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மூத்தவன் முகாட்ராதான் வாயைத் திறந்தான். "காவல்ல தூங்கிட்டான். சட்டம் தெரியுமில்ல? கூட இருக்கறவங்களே அடிச்சுக் கொல்லணும். நாங்கதான் அடிச்சோம். நீ படுத்திருக்கியே, அது அவன் படுக்கை." பிறகு மெதுவாக, "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"இன்னும் குறட்டை விடுறீங்களான்னு கேட்டார்ண்ணே."

"தூங்கினாத்தானேடா குறட்டை." ரொட்டியைக் கீழே வைத்தான்.

அன்றைய காவலை முகாட்ரா கெஞ்சி வாங்கிக்கொண்டான். "மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்டா."

விடியலில் ரோந்து அவனைக் கண்டது. சுவரில் சாய்ந்து, குழந்தைபோல, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை. பிரோக்குஸ் மன்னித்துத் தூங்க வைத்தானா, பழி தீர்த்தானா?

மதியம் அறைக்காரர்களிடம் தடிகளைக் கொடுத்தார்கள்.

ஒன்று தாஸியுஸின் கையில்.

முகாட்ராவின் இடத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தான். தாஸியுஸும் படுக்கையைக் கண்ணால்தான் காட்டினான்.

மறுபடி அவன் காவல் வந்தது. மறுபடி கண் சொக்கியது. அந்த ஜில்லென்ற கைக்காகக் காத்திருந்தான்.

கை வரவில்லை.

பக்கத்திலேயே, சுகமாக, ஒரு குறட்டை கேட்டது. கேட்கக் கேட்க அவன் இமை கனத்தது.