காயாத பட்டி

“மனுவுல இந்தக் கோட்டுல பேரை எழுதுங்க பெரியப்பா. நமக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க பேரை.”

போக்னா கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பஸ் நிலையத்திலேயே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் அப்பாவும் சொல்லியிருக்கிறார், கையால். ஏழு வயதில் வாங்கிய அறை அது. வெளியே சுவரோரமாக நடந்தால் பதினான்கு அடி, உள்ளே நடந்தால் பதினொன்றுதான் வருகிறதே, மீதி எங்கே போச்சு என்று கேட்டதற்கு. இப்போது போக்னாவுக்கு இருபத்து மூன்று. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதுவும் சட்டத்தில். அறைவதற்கு அப்பாவும் உயிரோடு இல்லை.

வித்தோல்த் பெரியப்பா தேநீர்க் கண்ணாடிக் கோப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“டைப் அடிச்சே வந்திருக்குல்ல? ‘முன்னாள் உரிமையாளர் யாரென அறியோம்.’ கீழ கையெழுத்தப் போடு. அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிருவான்.”

“தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?”

“ஏ வக்கீலம்மா, அம்பத்து நாலு வருஷமா யாராச்சும் வந்து கேட்டாங்களா? ஆத்துக்கு இந்தப் பக்கமும் கேக்கல, அந்தப் பக்கமும் கேக்கல. நீதான் கேக்குற. இதுக்குத்தான் என் தம்பி பீட்ரூட் வயல்ல முதுகொடிஞ்சு உன்னைப் படிக்க வெச்சானா?”

“ஆமா. இதுக்குத்தான்.”

அம்மா கசகசா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. மறுபடி நகர்ந்தது.

பத்திரம் இல்லாத வீடு. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் கோர்ட் எழுதிக் கொடுத்துவிடும். அப்பாவின் பங்கு போக்னாவுக்கு வந்திருப்பதால் அவள் போடாவிட்டால் நகராட்சி எடுத்துக்கொள்ளும். கீழ்த்தெருவில் ஏற்கெனவே ஏழெட்டு வீட்டுக்குச் சிவப்புக் குறி போட்டாயிற்று. அம்மாவுக்குப் போக வேறு இடம் கிடையாது. அது போக்னாவுக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

வாசலுக்கு வரும்வரைதான் அந்த நினைப்பு.

யூதர்களின் பழைய தொழுகைக்கூடத்தைத் தாண்டி, இப்போது அதில் மெத்தையும் அலமாரியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், சரிவில் இறங்கினால் ஆறுவரைக்கும் கீழ்த்தெருதான். பனியும் மழையும் கலந்து பெய்ததில் வெள்ளையடித்த சுவர்களெல்லாம் நனைந்து, அடியிலிருந்து பழைய கடைப் பெயர்கள் வலமிருந்து இடமாக எழும்பி நின்றன. காய்ந்ததும் உள்ளே போய்விடும், அதுவரைக்கும் தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வலது நிலைக்காலில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம். அங்கே யூதர்கள் பதித்திருந்த வேதச் சுருளைப் பிடுங்கி எறிந்த இடம் அது. மற்றவர்கள் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள். அம்மா மட்டும் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டவைக்கும் பட்டிப் பசையைத் திணித்து அடைப்பாள். வீட்டோடு வந்த தகர டப்பாவிலிருந்து.

இன்று பள்ளத்தில் பட்டி ஈரமாக இருந்தது. நவம்பரில். உள்ளேயிருந்து யாரோ தள்ளியதுபோல வெளியே பிதுங்கி, ஆளிவிதை எண்ணெய் வாடை மூக்கில் ஏறும்படி பளபளத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. சின்னது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் கிடையாது.

அந்த வாடை இப்போது சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. கேக் வாடையையும் முட்டைக்கோஸ் சூப் வாடையையும் ஒதுக்கிக்கொண்டு, மேஜைக்கு நான்காவது ஆளாக வந்து உட்கார்ந்ததுபோல.

“அம்மா, அந்த டப்பா எப்பதான் தீரும்?”

“தீரலையே. என்ன பண்றது?” அம்மா நிமிரவில்லை. “காயவும் மாட்டேங்குது.”

மணி நாலரைகூட ஆகவில்லை. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, அலமாரியின் நிழலும் அடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடு பதித்துக் கூரைவரை நிற்கும் கணப்பின் நிழலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. பெரியப்பா கேக்கைக் கையில் எடுத்தார். வாயில் வைப்பதற்கு முன் வழக்கம்போல மேஜையில் இரண்டு முறை தட்டினார். சாப்பிடுமுன், படுக்குமுன், பஸ் ஏறுமுன், எதற்கும் இரண்டு தட்டு. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள்.

டக். டக்.

கணப்பிலிருந்து திரும்பி வந்தது.

டக். டக்.

விறகு வெடிக்கிறது என்று போக்னா நினைத்தாள். விறகு அவ்வளவு சரியாக வெடிக்காது. சத்தம் ஓட்டிலிருந்து வரவில்லை. அதற்கும் பின்னால், காணாமல் போன அந்த மூன்றடியிலிருந்து வந்தது.

பெரியப்பாவின் கையிலிருந்த கேக் கீழே விழுந்தது.

“இது வரைக்கும் பதில் வந்ததில்ல,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

“என்ன பதில்? பெரியப்பா. யாருகிட்டேருந்து?”

அறுபது வயது மனிதர். கன்னம் தொங்கிவிட்டது. ஆனால் அவர் கணப்பைப் பார்த்த பார்வை ஆறு வயதுப் பையனுடையது.

“ரெண்டு தட்டினா, ஆளு வந்திருக்கு, சத்தம் போடாதீங்கன்னு அர்த்தம். மூணு தட்டினா, போயிட்டாங்க, வெளிய வாங்க. எங்கப்பாதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. தட்டுறது என் வேலை.”

“அவங்கன்னா?”

“கண்ணாடிக்காரர். ஹெர்ஷ். அவரு சம்சாரம் ஃப்ரூமெட். பொண்ணு ஒண்ணு, ஷைண்ட்லா. என் வயசுதான்.” கோப்பையைத் தள்ளி வைத்தார். “அவரு ஜன்னல் சட்டத்துல கண்ணாடியை வெப்பாரு, அந்தப் பொண்ணு பின்னாலயே போயி கட்டைவிரலால பட்டிய அழுத்திக்கிட்டே வரும். ஒரு இடம் விடாது. சுத்தி சுத்தி.”

“தாத்தா அவங்கள ஒளிச்சு வெச்சாரா?”

“வெச்சாரு. ஜெர்மன்காரங்க யூதங்கள வேட்டையாடுன காலம். கணப்புக்குப் பின்னாடி சின்ன ரூம் இருந்துச்சு. வீட்ட எடுத்துக்க, எங்கள மட்டும் காப்பாத்துன்னு ஹெர்ஷே சொன்னாரு. ஒரு மாசம் எங்கப்பா வெச்சிருந்தாரு.”

“அப்புறம்?”

பெரியப்பா மேஜையில் விரலை வைத்தார். தட்டவில்லை.

“அப்புறம் செங்கல் வாங்கிட்டு வந்தாரு. என்னைய ரெண்டு தட்டச் சொன்னாரு. அவரு ஒவ்வொரு வரிசையா வெக்க வெக்க நான் தட்டிக்கிட்டே இருந்தேன். அவங்க மூச்சு விடல. பொண்ணுகூட அழல. நல்ல மனுஷங்க. சொன்னா கேப்பாங்க.”

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போக்னாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கணப்பில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் அவள் குளிர்காலமெல்லாம் பாடம் படித்தாள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளில் எவ்வளவு அமைதியான வீடு என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்த அமைதியை யார் காத்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

“மூணு எப்ப தட்டுனீங்க?”

பெரியப்பா கீழே கிடந்த கேக்கைப் பார்த்தார்.

“பெரியப்பா, மூணு எப்ப தட்டுனீங்க?”

“எங்கப்பா சொல்லவே இல்லையே,” என்றார். “நான் சின்னப் பையன்.”

“சரி, அப்ப ஆறு வயசு. பதினாறுல? முப்பதுல? எங்கப்பா செத்தன்னிக்கு இங்கதானே உக்காந்து சூப் குடிச்சீங்க?”

“கையெழுத்தப் போடுடி! உங்கம்மா தெருவுல நிக்கணுமா?”

போக்னா அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது,” என்றாள் அம்மா. “நான் பட்டி மட்டும்தான் அடைப்பேன்.”

“எதுக்கும்மா அடைச்ச?”

அம்மா கத்தியை மெதுவாகத் துணியில் துடைத்தாள்.

“அடைக்கலன்னா அந்த ஓட்டைல மூச்சு விடற சத்தம் கேக்கும்.”

டக். டக். கணப்புக்குப் பின்னால்.

பெரியப்பா மேஜையில் தட்டினார். டக் டக். அமைதி. அமைதி. வியர்த்துக்கொண்டே மறுபடி. டக் டக்.

போக்னா பேனாவை எடுத்தாள். ‘அறியோம்’ என்ற சொல்லை அடித்தாள். தாள் கிழிந்தது. மேலே எழுதினாள். ஹெர்ஷ். ஃப்ரூமெட். ஷைண்ட்லா. கீழே கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டாள். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

“அம்மா, சால்வைய எடு.”

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டாள். டப்பாவையும் எடுக்கப் போனாள், இருபத்தைந்து வருஷப் பழக்கம். எடுக்காமல் விட்டாள். கணப்பைப் பார்த்தாள்.

“நானும் தட்டணும்னு நெனச்சிருக்கேன், போக்னா. எத்தனை தடவை தட்டணும்னுதான் தெரியல.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஓடு சூடாக இருந்தது. போக்னா விரலை மடக்கினாள்.

“வேண்டாம்,” என்றார் பெரியப்பா. “தாயே, வேண்டாம்.”

ஒன்று.

பெரியப்பா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

இரண்டு.

உள்ளே எல்லாம் நின்றது. மூன்று பேர் காது கொடுத்துக் கேட்கும் அமைதி. அந்த அமைதி அவளுக்குத் தெரியும். அதில்தான் வளர்ந்தாள்.

மூன்று.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின்னால் ஏதோ உதிர்ந்தது. மணல். காரை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாகப் பட்டி கசிந்தது. எண்ணெய் வாடை. பெரியப்பா முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் ஓட்டில் தட்ட ஆரம்பித்தார். இரண்டு. இரண்டு. இரண்டு. ஒரு செங்கல் விழுந்தது.

போக்னா ஓடவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டியதும் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் சாத்தவில்லை.

நிலைக்கால் பள்ளம் காலியாக இருந்தது. சுத்தமாக. உள்ளே மழை ஈரம் மட்டும்.

அம்மா சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலே பதிவு ஆபீஸில் விளக்கு எரிந்தது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. மூன்று பெயரையும் பதியச் சொல்ல வேண்டும். சுவரை இடிக்க ஆள் கேட்க வேண்டும். வீட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

பின்னால் கண்ணாடியில் சத்தம்.

டக். டக். டக்.

திரும்பினாள். ஜன்னலுக்கு உள்ளே பெரியப்பாவின் முகம். வாய் திறந்திருந்தது. கதவிடுக்கு முழுக்கப் பட்டி, ஈரமாக, மேலிருந்து கீழ்வரை. அதில் வரிசையாகச் சின்னக் கட்டைவிரல் ரேகைகள். ஜன்னல் சட்டத்திலும் அவை ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு இடம் விடாமல். சுற்றிச் சுற்றி. அவருக்குப் பின்னால் இருட்டில் நெடிய உருவங்கள் இரண்டு, பொறுமையாக.

மறுபடியும் தட்டினார். மூன்று. வெளியே வரலாமா என்று கேட்கும் தட்டு.

போக்னா ஜன்னலுக்கு அருகில் போனாள். விரலை மடக்கினாள். நிதானமாக, அவருக்குக் கேட்கும்படி, கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள்.

பிறகு சரிவில் ஏறினாள்.